சொல்லாமல் சுமக்கும் தொல்லை: புராஸ்டேட்டும் ஆண்களின் முதுமையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவுகளில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க வருகிறவர்களில் அறுபது வயதைக் கடந்த ஆண்கள் ஏராளம். நான்கைந்து மணி நேரம் நீளும் அந்த நடையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு சந்நிதிகளில் நின்று வணங்கும்போதே, அடுத்த கழிப்பறை எங்கே என்ற கணக்கையும் மனத்துக்குள் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருப்பவர்கள் அவர்களிடையே உண்டு. மாலையில் புறப்பட வேண்டும் என்பதற்காக மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும், பேருந்து ஏறும்முன் தேவையில்லாவிட்டாலும் ஒருமுறை போய்விட்டு வருவதும், கூட்டத்துக்குள் சிக்கிக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவதும் இந்த வயதினரின் வழக்கங்களாகவே ஆகிவிடுகின்றன. வீட்டில் யாராவது கேட்டால் கிடைக்கும் பதில், "வயசானா அப்படித்தான்" என்பதே.

அந்தப் பதில் பாதி உண்மை. ஆண்களின் சிறுநீர்த் தொல்லைகளில் பெரும்பங்கு வகிக்கும் புராஸ்டேட் என்ற சுரப்பி வயதோடு பெருக்கிறது என்பதும், நீண்ட நாள் வாழும் ஆண்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பெருக்கத்திலிருந்து தப்புவதில்லை என்பதும் சரிதான். ஆனால் வயதால் வருகிறது என்பதால் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று முடிவு கட்டுவது தவறு. மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டிய ஒன்று சிறுநீரகச் செயலிழப்பாகவும் டயாலிசிஸாகவும் வளர்ந்து நிற்பதற்கு, மருத்துவ வசதி இல்லாமை ஒரு காரணம் என்றால், வாய்திறக்காமை அதைவிடப் பெரிய காரணமாக இருக்கிறது. இன்னொரு பக்கம், 'புராஸ்டேட்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் புற்றுநோய் என்றே நினைத்து உறக்கம் இழக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஒரே உறுப்பில் தன்மையாலும் போக்காலும் முற்றிலும் வேறுபட்ட மூன்று நோய்கள் வருகின்றன என்பதையும், அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே பயத்துக்கும் அலட்சியத்துக்கும் ஒருசேரக் காரணம் என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுரப்பியும் அதன் இருப்பிடமும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடிவாயில், மலக்குடலுக்கு முன்பாக அமைந்திருக்கும் அது, இளம் வயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில், ஏறத்தாழ 20 கிராம் எடையோடு இருக்கும். விந்துவின் நீர்ப்பகுதியில் ஒரு பங்கைச் சுரந்து கொடுப்பது அதன் வேலை. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் சிறுநீர் வடிகுழாய் இந்தச் சுரப்பியின் நடுவே துளைத்துக்கொண்டு செல்கிறது என்பதுதான் பின்னாளில் வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் மூலம். சுரப்பி வெளிப்புறமாக வளர்ந்தால் பாதிப்பு குறைவாக இருந்திருக்கும்; வடிகுழாயை ஒட்டிய உள்வட்டத்தில் வளர்வதால் வழி நெருக்குண்டுபோகிறது.

இந்த உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. வயதால் வரும் சாதாரணப் பெருக்கம் வடிகுழாயைச் சுற்றிய உள்பகுதியில் தோன்றுகிறது. புற்றுநோயோ பெரும்பாலும், நூற்றுக்கு எழுபது அளவில், மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில் தோன்றுகிறது. சாதாரணப் பெருக்கம் முற்றிப் புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே காலத்தில் இருக்கலாம், ஆனால் ஒன்று மற்றொன்றின் தொடக்கம் அல்ல. சிறுநீர் தடைபடுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை என்பதும், தொடக்கநிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீர்த் தொல்லையே இருப்பதில்லை என்பதும் இந்த இட வேறுபாட்டால்தான்.

சுரப்பி ஏன் பெருக்கிறது என்ற கேள்விக்கு விடை ஹார்மோனில் இருக்கிறது. விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், புராஸ்டேட்டுக்குள் ஒரு நொதியின் துணையால் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியம் மிகுந்த வடிவமாக மாறுகிறது. அதுதான் சுரப்பியின் வளர்ச்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசின் சில கிராமங்களில் அந்த நொதி பிறப்பிலேயே குறைவாக உள்ள குடும்பங்களை ஆராய்ந்து, அவ்வாறு பிறந்த ஆண்களின் புராஸ்டேட் சிறியதாகவே நின்றுவிடுவதை ஜூலியன் இம்ப்பெரேட்டோ மெக்கின்லி என்ற மருத்துவ ஆய்வாளர் குழுவினர் 1974இல் எழுதினார்கள். அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரை 1992இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. எங்கோ ஒரு தீவின் கிராமத்தில் கண்டது, இன்று நம் ஊர் மருந்துக் கடையில் அறுபது வயதுக்காரர் கையில் மாத்திரை அட்டையாக வந்து சேர்ந்திருக்கிறது.

சிறுநீர்ப்பை படும் பாடு

திசு அளவில் பார்த்தால், ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடமும், எண்பதைக் கடந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடமும் இந்தப் பெருக்கம் காணப்படுகிறது. எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. சுரப்பியின் அளவுக்கும் தொல்லையின் அளவுக்கும் நேரடித் தொடர்பும் இல்லை. 80 கிராம் எடையுள்ள சுரப்பியோடு சிரமமின்றி இருப்பவரும் உண்டு, 30 கிராம் சுரப்பியால் இரவெல்லாம் தவிப்பவரும் உண்டு.

தொல்லை தொடங்கும் விதம் மெதுவானது. சிறுநீர் வரத் தொடங்கச் சற்று நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். வரும் தாரை மெலிந்திருக்கும். நடுவில் விட்டுவிட்டு வரும். முடிந்தது என்று வேட்டியைக் கட்டிய பிறகும் சொட்டும். முழுவதும் போகவில்லை என்ற உணர்வு நிற்கும். இவை வழி அடைபடுவதன் அறிகுறிகள். அடைப்பை எதிர்த்து அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால் சிறுநீர்ப்பையின் தசை தடித்து முரடாகிறது. முரடான தசை சிறிதளவு நீர் சேர்ந்தாலும் பொறுக்காமல் சுருங்குகிறது. அதனால் அடிக்கடி போக வேண்டியிருப்பதும், வந்தால் அடக்க முடியாத அவசரமும், இரவில் பலமுறை எழுவதும் சேர்ந்துகொள்கின்றன. செங்கம், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு இது நெடுநாள் உறைக்காமலே போகலாம். வரப்போரத்தில் நினைத்தபோது ஒதுங்க முடிகிற ஒருவர், எத்தனை முறை ஒதுங்கினோம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஆரணியில் குழித்தறியில் கால் இறக்கி அமர்ந்து பட்டு நெய்கிறவருக்கோ ஒவ்வொரு முறை எழுவதும் வேலைக் கெடுதல் என்பதால், அவர் அடக்கப் பழகிக்கொள்ள நேர்கிறது.

நீண்ட காலம் எதிர்த்துப் போராடிய தசை ஒரு கட்டத்தில் சோர்ந்துவிடுகிறது. அப்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறுநீர் உள்ளேயே தங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி வளர்கிறது, கல் உருவாகிறது, சில வேளைகளில் இரத்தமும் கலந்து வருகிறது. தேக்கம் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று வளரும்போது அழுத்தம் மேல்நோக்கிச் சென்று சிறுநீரகக் குழாய்களை விரித்து, சிறுநீரகத்தையே அரிக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால் வலி இருப்பதில்லை. வலியில்லாமல் அடிவயிறு மெல்லப் புடைப்பது, இதுவரை இல்லாத வழக்கமாக இரவில் படுக்கை நனைவது, காரணமின்றிப் பசி குறைந்து குமட்டல் வருவது, கால் வீங்குவது ஆகியவைதான் அப்போது தென்படும் அடையாளங்கள். முதியவர் ஒருவர் படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டால் வீட்டார் அதை மூப்பின் தள்ளாமை என்று நினைத்து ரப்பர் விரிப்பு வாங்கிப் போடுகிறார்கள். அது நிரம்பி வழியும் சிறுநீர்ப்பையின் கசிவாக இருக்கக்கூடும் என்பதும், அன்றே ஒரு ஸ்கேனும் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் பார்த்தால் இரண்டு சிறுநீரகங்களைக் காப்பாற்றலாம் என்பதும் தெரிவதில்லை. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் யாராவது எடுத்துக்கொள்வதானால், இதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

திடீரென்று முழுமையாக அடைத்துக்கொள்வது வேறு வகை. அதில் வலி தாங்க முடியாததாக இருக்கும். சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்க, ஒரு சொட்டும் இறங்காது. ஏற்கெனவே பெருத்த புராஸ்டேட் உள்ளவருக்கு இந்த நிலையைத் தூண்டிவிடும் காரணங்களில் சில மிகச் சாதாரணமானவை: நெடுநேரம் அடக்குவது, மலச்சிக்கல், மது, சளி மாத்திரை. கடைசியில் சொன்னது கவனிக்கத்தக்கது. மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் பினைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் என்ற இரு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையை இறுக்குகிறது. இரண்டாவது சிறுநீர்ப்பையின் தள்ளும் சக்தியைத் தளர்த்துகிறது. கார்த்திகை தீபம் மழையும் குளிரும் சேர்ந்த பருவத்தில் வருகிறது. ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏறும் வரை நெரிசலில் பல மணி நேரம் அடக்கி நிற்கும் முதியவருக்கு, இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே நாளில் கூடிவிடுகின்றன. அப்படி அடைத்துக்கொண்டால் அடிவயிற்றில் ஒத்தடம் கொடுத்தும் தண்ணீர் குடிக்கச் சொல்லியும் நேரத்தைக் கழிக்கக் கூடாது. மருத்துவமனையில் ரப்பர் குழாய் ஒன்றைச் செலுத்தினால் சில நிமிடங்களில் விடுதலை கிடைக்கும். குழாய் போட்டுவிட்டதாலேயே அறுவை சிகிச்சை உறுதி என்று கலங்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் மாத்திரை கொடுத்துக் குழாயை எடுத்துப் பார்க்கும்போது பலருக்குச் சிறுநீர் தானாகவே இறங்கிவிடுகிறது.

'கிரேடு 2' என்ற பீதி

வேறு ஏதோ வயிற்றுவலிக்காக ஸ்கேன் எடுக்கப் போனவரின் அறிக்கையில் கடைசி வரிகளில் ஒன்றாக, 'புராஸ்டேட்டோமெகலி கிரேடு 2' என்று அச்சாகி வருவது இன்று எல்லா ஊர்களிலும் காணும் காட்சி. சுரப்பி எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதை மட்டும் குறிக்கும் அளவுக் குறிப்பு அது. புற்றுநோயின் தரநிலைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. தொல்லை எதுவும் இல்லாதவர் அந்த ஒரு வரிக்காக மாத்திரை விழுங்க வேண்டிய அவசியமும் இல்லை. பயன் தரும் வரி அதற்குப் பக்கத்தில் இருக்கும்: சிறுநீர் கழித்த பின்னும் பையில் எத்தனை மில்லி தங்கியிருக்கிறது என்பது.

தொல்லையை அளக்க உலகெங்கும் மருத்துவர்கள் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஒரு மாதத்தில் முழுதும் போகாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, விட்டுவிட்டு வருவது, அடக்க முடியாமை, மெலிந்த தாரை, முக்கித் தள்ளுவது, இரவில் எழுவது ஆகியவை எவ்வளவு அடிக்கடி நேர்ந்தன என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 35க்குக் கணக்கிடுவார்கள். ஏழு வரை லேசான நிலை. எட்டு முதல் 19 வரை நடுத்தரம். 20 முதல் கடுமை. இத்துடன், இப்படியே மிச்ச நாளைக் கழிக்க நேர்ந்தால் எப்படி உணர்வீர்கள் என்ற எட்டாவது கேள்வி தனியாக உண்டு. சிகிச்சை வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

இரவில் எழுவதற்கெல்லாம் புராஸ்டேட்டைக் குற்றம் சொல்வதும் பிழை. நீரிழிவு கட்டுப்படாதவர், இதயம் பலவீனமாகி மாலையில் கால் வீங்குகிறவர், குறட்டையோடு மூச்சுத் தடைபட்டு உறங்குகிறவர், இரத்தக் கொதிப்புக்கான நீர் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறவர் ஆகியோருக்கு இரவில் உற்பத்தியாகும் சிறுநீரின் அளவே கூடுதலாக இருக்கும். மூன்று நாள் அளவுக் குவளையில் பிடித்து, எந்த நேரத்தில் எவ்வளவு என்று தாளில் குறித்து வந்தால், இது பையின் கோளாறா, நீரின் பெருக்கமா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்றும் பென்சிலும் கொடுக்கும் இந்தத் தகவலைப் பெரிய இயந்திரங்கள் கொடுப்பதில்லை.

விரலால் மலக்குடல் வழியே தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைத்தான் ஆண்கள் மிகவும் கூசுகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அது, சுரப்பி மிருதுவாகவும் சீராகவும் இருக்கிறதா, கல்போல் கெட்டியான முடிச்சு தென்படுகிறதா என்பதை மருத்துவருக்குச் சொல்லிவிடுகிறது.

மூலிகையிலிருந்து லேசர் வரை

சிறுநீர் சார்ந்த நோய்களை நீரை அருக்கும் நோய்கள், நீரைப் பெருக்கும் நோய்கள் என்று பகுத்துப் பார்த்த சித்த மருத்துவ மரபு, இந்தத் தொல்லைகளை வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது. நெருஞ்சில் குடிநீரும் சிறுபீளைக் குடிநீரும் இன்றும் வீட்டு வைத்தியமாக வழங்குகின்றன. அவை நீரைப் பெருக்கும் இயல்பு கொண்டவை. கடுப்புக்கு இதம் தரலாம். ஆனால் வழி அடைபட்டிருக்கும்போது நீரைப் பெருக்குவது தேக்கத்தைக் கூட்டும் என்பதால், தாரை மெலிந்து திணறுகிறவர் தாமாகக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கும்முன் தேக்கத்தின் அளவைப் பார்த்துக்கொள்வது அவசியம். மேலை நாடுகளில் பெருமளவில் விற்கப்படும் சா பாமெட்டோ என்ற பனை வகைச் சாற்றை 2006இலும் 2011இலும் வெளியான இரு முறையான ஆய்வுகள் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, அதனால் கூடுதல் பலன் ஏதுமில்லை என்று கண்டன. நம் மூலிகைகளையும் அதே கண்டிப்போடு சோதித்துப் பார்ப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

ஆங்கில மருத்துவத்தில் மாத்திரைகள் இரண்டு வகை. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் போன்றவை புராஸ்டேட்டிலும் பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தி, சில நாட்களிலேயே தாரையை எளிதாக்குகின்றன, சுரப்பியைச் சுருக்குவதில்லை. ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை சுரப்பியையே கால்பங்கு வரை சுருக்குகின்றன. ஆனால் பலன் தெரிய ஆறு மாதம் பொறுக்க வேண்டும், சிலருக்குப் பாலுணர்வு குறையும். சுரப்பி பெரிதாக இருப்பவருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் முற்றுவது 66 விழுக்காடு குறைகிறது என்று 2003இல் வெளியான, மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு காட்டியது. முதல் வகை மாத்திரை தொடங்கிய நாட்களில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம் என்பதால், மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே வெறும் வயிற்றோடு கிரிவலம் கிளம்புவதைத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டாம்சுலோசின் சாப்பிடுகிறவருக்குக் கண்புரை அறுவையின்போது கருவிழித்திரை தொய்ந்து சிக்கல் ஏற்படக்கூடும் என்பது 2005 முதல் அறியப்பட்டிருக்கிறது. சில நாள் நிறுத்திவிட்டுப் போனாலும் அந்த விளைவு முற்றாக நீங்குவதில்லை. எனவே கண் முகாமுக்குச் செல்லும் பெரியவர் தம் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.

மாத்திரைக்கு மசியாதவர்கள், மறுபடி மறுபடி அடைத்துக்கொள்கிறவர்கள், கல்லோ இரத்தக்கசிவோ சிறுநீரகப் பாதிப்போ உள்ளவர்கள் அறுவைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. இதன் வரலாறு கடுமையானது. 1890களில் புராஸ்டேட்டைச் சுருக்க விதைகளையே நீக்கும் சிகிச்சை மேலை நாடுகளில் நடைமுறையில் இருந்தது. அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பை வழியாக விரலால் சுரப்பியைத் தோண்டி எடுக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தவர் பீட்டர் ஜான்ஸ்டன் ஃப்ரேயர். அயர்லாந்தில் பிறந்த அவர், இந்திய மருத்துவப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வட இந்தியாவில் சிறுநீர்ப்பைக் கற்களை நீக்கிக் கைதேர்ந்தவர், ராம்பூர் நவாபின் கல்லை அகற்றியதற்கு ஒரு லட்சம் ரூபாய் வெகுமதி பெற்றவர். லண்டனுக்குத் திரும்பிய பிறகு 1900 டிசம்பரில் அவர் செய்த அறுவை உலகப் புகழ் பெற்றது. அவருக்கு முன்பே நியூயார்க்கில் யூஜின் ஃபுல்லர் அதைச் செய்திருந்ததால் யாருடைய முறை என்ற சர்ச்சையும் எழுந்தது. இன்று பெரும்பாலும் வெளியில் கத்தி படுவதே இல்லை. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, அடைத்துக்கொண்டிருக்கும் உள்பகுதியை மின்சாரத்தால் சீவி எடுக்கிறார்கள், அல்லது ஹோல்மியம் லேசரால் சுளையாகப் பெயர்த்து எடுக்கிறார்கள். சில நாட்களில் வீடு திரும்பிவிடலாம்.

ஆண்மை போய்விடும் என்ற அச்சத்தால் இந்த அறுவையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இருப்பதால், ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. உடலுறவுக்கான விறைப்புத் தன்மை பெரும்பாலோருக்குப் பாதிக்கப்படுவதில்லை. உச்சத்தின்போது விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்று, பிறகு சிறுநீரோடு வெளியேறும். பெரும்பாலோருக்கு இது நிலையான மாற்றம். உடலுக்குக் கேடில்லை. இதை அறுவைக்கு முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டால், பின்னர் மனக்கலக்கம் வருவதில்லை.

மூன்று நோய்களில் இன்னொன்றான புராஸ்டேட் அழற்சி இளம் வயதினரைப் பிடிப்பது. கடுங்காய்ச்சல், குளிர், சிறுநீரில் எரிச்சல், அடியில் வலி என்று திடீரென வரும் கிருமித் தொற்று ஒரு வகை. அதற்கு உடனடியாக ஆன்டிபயாடிக் வேண்டும். மாதக்கணக்கில் இடுப்புக்கீழ் மந்தமான வலி நீடிக்கும் இன்னொரு வகையில் பெரும்பாலும் கிருமியே இருப்பதில்லை. தசை இறுக்கம், நரம்பு, மன அழுத்தம் எல்லாம் கலந்திருக்கும் அதற்கு உடற்பயிற்சியும் பொறுமையும் தேவை. இந்த வலியோடு இருக்கும் இளைஞரைத்தான், மாதம் ஒரு நாள் ஊர் ஊராக லாட்ஜில் தங்கி 'ஆண்மைக் குறைவு' என்று பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் பறிக்கிறவர்கள் குறிவைக்கிறார்கள். அவர்கள் பெயர் சொல்லும் நோயும் அவருக்கு இல்லை, கொடுக்கும் மருந்தும் அவருக்கு வேண்டியதில்லை.

புற்றுநோயும் பி.எஸ்.ஏ. பரிசோதனையும்

புராஸ்டேட் புற்றுநோய் ஹார்மோனைச் சார்ந்து வளர்கிறது என்பதை 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் நிறுவினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். உலகில் 2020இல் 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகளின் ஆண்டு எண்ணிக்கை 2040இல் 29 லட்சமாகும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் கணித்தது. அதற்கு முதற்காரணம் மனிதர்கள் நெடுநாள் வாழ்வது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து பேணிவரும் சென்னைப் பதிவேட்டிலும் இந்நோய் கூடிவருகிறது.

புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் சிறிதளவு இரத்தத்திலும் கசிகிறது. அதை அளப்பதே பி.எஸ்.ஏ. பரிசோதனை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் கேட்காமலே சேர்த்துவிடப்படும் இந்த எண் நான்கைத் தாண்டினால் வீடே கலங்கிப்போகிறது. சாதாரணப் பெருக்கம், கிருமித் தொற்று, சிறுநீர் அடைத்துக் குழாய் போட்டது ஆகிய எல்லாமே அந்த எண்ணை உயர்த்தும். ஃபினாஸ்டரைடு வகை மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு அது பாதியாகக் குறைந்து காட்டும் என்பதால், இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். எனவே தொற்று ஆறிய சில வாரங்களுக்குப் பிறகு மறுபடி பார்ப்பது, தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுப்பது, அதன்பின் ஊசியால் திசு எடுத்துப் பயாப்ஸி செய்வது என்ற வரிசையே முறையானது.

அறிகுறியே இல்லாத எல்லா ஆண்களுக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையைச் செய்ய வேண்டுமா என்பது உலகளவில் நீண்ட விவாதம். ஐரோப்பாவில் 55 முதல் 69 வயதுவரையுள்ள 1,62,000 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2009இல் அறிவித்த முடிவின்படி, ஒரு மரணத்தைத் தடுக்க 1,410 பேரைப் பரிசோதித்து, 48 பேருக்குக் கூடுதலாகச் சிகிச்சை அளிக்க வேண்டியிருந்தது. அந்த 48 பேரில் பலர் அறியாமலே வாழ்ந்து வேறு காரணத்தால் இயற்கை எய்தியிருக்கக் கூடியவர்கள். பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோய் உள்ளவர்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்துப் பின்தொடர்ந்த ஆய்வில், 15 ஆண்டுகள் கழிந்த பிறகும் எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவிலேயே இருந்தார்கள் என்று 2023இல் வெளியிட்டார்கள். எழுபதைக் கடந்தவருக்கு அறிகுறியின்றி இந்தப் பரிசோதனையைத் திணிப்பதில் பயனைவிடக் கேடு அதிகம். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் கணக்கு மாறும். அத்தகைய குடும்பத்து ஆண்கள் ஐம்பதுக்கு முன்பே மருத்துவரோடு பேசிவிடுவது நல்லது.

ஆனால் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் மிகைப் பரிசோதனையைவிடக் காலதாமதமே பெரிய பிரச்சினை. இந்த நோய் பரவினால் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் நாடுகிறது. அறுபத்தைந்து வயது விவசாயிக்குப் புதிதாக வந்து இரவிலும் விடாத முதுகுவலியை வேலைக் களைப்பு, டிஸ்க் நழுவல் என்று எண்ணித் தைலம் தேய்த்தும் ஊசி போட்டும் மாதங்கள் கழிகின்றன. அவருக்குத்தான் பி.எஸ்.ஏ. உடனே பார்க்கப்பட வேண்டும். கால்கள் மரத்துப்போய் நடை தளர்ந்தால் தண்டுவடம் நெருக்குண்டிருக்கிறது என்று பொருள். அதற்கான அவகாசம் நாட்களில் அல்ல, மணிகளில் அளக்கப்படுகிறது. பரவிய நிலையிலும் ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சையால் ஆண்டுக்கணக்கில் வலியின்றி வாழ முடிகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கிடைக்கும் வழிகள்

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013 முதல் இயங்குகிறது. மேல்சிகிச்சைக்கு, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிவைத்த வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆக, ஊருக்குள் வழிகள் இருக்கின்றன; நோயாளி வந்து சேரும் நேரம்தான் தாமதமாகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டு வீட்டுவாசல் வரை வருகிறார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் அதே சமயத்தில், "இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், தாரை மெலிந்திருக்கிறதா, படுக்கை நனைகிறதா" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, தொல்லை இருப்பதாகச் சொல்பவரை ஸ்கேனுக்கு அனுப்பினால், அதற்காகப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது. பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள்.

வாசலே இல்லாதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். கிரிவலப் பாதையின் ஓரங்களில் காவி உடுத்தித் தங்கியிருக்கும் முதிய சாதுக்கள் பலருக்குக் குடும்பமும் இல்லை, காப்பீட்டுக்குக் கேட்கப்படும் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இல்லை. சிறுநீர் அடைத்து ஒருவருக்குக் குழாய் போட்டு அனுப்பினால், அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், பையைத் தரையில் படாமல் வைத்திருக்க வேண்டும், நாளும் துப்புரவு செய்ய வேண்டும். மரத்தடியில் உறங்குகிறவருக்கு இவை எல்லாம் எட்டாதவை, தொற்று ஏறிக் காய்ச்சலில் விழுவதற்கு அதிக நாள் ஆகாது. குடும்பத்தோடு இருப்பவருக்கு மாத்திரையால் பலன் கிடைக்கிறதா என்று பார்க்க நேரம் கொடுக்கலாம். இவர்களுக்கோ அறுவையை முன்கூட்டியே செய்து குழாயிலிருந்து விடுவிப்பதே மருத்துவ ரீதியில் சரியான முடிவாக இருக்கும். அதற்குத் தேவையான சான்றுகளையும், அறுவையின்போது உடனிருக்க ஓர் ஆளையும் ஏற்பாடு செய்து தரும் பொறுப்பை, பாதையோரம் அன்றாடம் அன்னதானம் நடத்தும் அமைப்புகளும் மாவட்ட நிர்வாகமும் பகிர்ந்துகொள்ள முடியும்.